“ஃப்ரீ” என்று மட்டும் சொல்லாதீர்கள்

“எங்கயும் இடிக்கலையே தம்பி, எதுக்கு டிங்கரிங்?”

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தோடு என் மேசைக்கு முன் நின்று கேட்டார். அவருடைய காரின் பின்தரைத் தகட்டில் தொழிற்சாலையிலேயே வெல்டிங் சரியாக விழவில்லை. பின் சீட்டைக் கழற்றி, கார்பெட்டை உரித்து, தகட்டைத் திறந்து வெல்டு வைத்து, மறுபடி சீலர் போட்டு பெயிண்ட் அடிக்க வேண்டும். சர்வீஸ் அட்வைசர் வேலையில் சேர்ந்து எனக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி சிரித்த முகத்தோடு சொன்னேன்: “எல்லாமே ஃப்ரீதான் சார்.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தப்பு உங்களோடது. அதைத் திருத்திக் குடுக்கிறதுக்குப் பேரு ஃப்ரீயா?”

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் இருக்காது. அந்தச் சொல்லை அன்றோடு விட்டுவிட்டேன். இப்போது “செலவு முழுக்கக் கம்பெனியோடது சார், உங்களுக்கு எந்தப் பில்லும் வராது” என்று சொல்கிறேன். பொருள் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் நாம் தானம் செய்கிறோம். இரண்டாவதில் கடனை அடைக்கிறோம்.

ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்து டீலர்ஷிப் கவுண்டரிலும் பாடி ஷாப்பிலும் உட்காரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படித் தயாரிப்புக் குறையைத் திருத்த வண்டியைத் திரும்ப அழைப்பதுதான் ரீகால். ரீகால் என்றாலே பயப்படத் தேவையில்லை. மென்பொருள் ஏற்றுவது, சென்சார் மாற்றுவது, பெட்ரோல் பம்ப் மாற்றுவது என்றால் வண்டிக்காரர் காபி குடித்து முடிப்பதற்குள்ளோ மாலைக்குள்ளோ வேலை தீர்ந்துவிடும். வண்டியின் உடம்பைத் திறக்க வேண்டிய ரீகால் அபூர்வமாகத்தான் வரும். வரும்போது உங்களைத் தயார் செய்ய யாருக்கும் நேரம் இருக்காது.

விபத்து வண்டியும் இதுவும் ஒன்றல்ல

பாடி ஷாப்பில் பழகியவர்கள் செய்யும் முதல் பிழை, ரீகால் வண்டிக்காரரை ஆக்ஸிடென்ட் வண்டிக்காரரைப் போல நடத்துவது. இடித்துக்கொண்டு வருகிறவருக்கு உள்ளூர ஒரு சமாதானம் உண்டு. தவறு தன்னுடையதோ லாரிக்காரனுடையதோ, நடந்தது நடந்துவிட்டது; வண்டி பழையபடி ஓடினால் போதும். இடிப்பதற்கு முந்தின நாள் வண்டி எப்படி இருந்தது என்பதுதான் அவர் கையில் இருக்கும் அளவுகோல்.

ரீகாலில் வருகிறவரின் அளவுகோல் ஷோரூமில் மாலை போட்டுச் சாவி வாங்கிய நாள். நான்கு வருடம் ஓட்டியிருந்தாலும் அவர் கேட்பது அன்றைய வண்டியைத்தான். பிரித்துப் பூட்டிய வண்டி அந்த நாளுக்குத் திரும்பாது என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். நம் வேலையே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அதை முதல் நாளே வாய்விட்டுப் பேசிவிடுகிற அட்வைசர் தப்பித்துக்கொள்வார். டெலிவரி அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுகிறவர் மாட்டிக்கொள்வார்.

கம்பெனி எதுவரை இறங்கி வரும்

வண்டிக்காரர்கள் இப்போது படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். “வேற வண்டி குடுங்க”, “பணத்தைத் திருப்பிக் குடுங்க” என்ற பேச்சு வரும். அது அடாவடி இல்லை. சட்டத்திலேயே இருக்கிற வார்த்தை. இந்தியாவில் 2012 ஜூலையிலிருந்து வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் தன்னார்வ நெறிமுறைப்படி ரீகால் நடந்துவந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 110ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அரசு ஆணையிட்டு நடக்கும் ரீகாலில் கம்பெனி வண்டியின் முழு விலையைத் திருப்பித் தரலாம், ஈடான அல்லது மேலான வேறு வண்டி தரலாம், இல்லையென்றால் பழுதுபார்த்துத் தரலாம். அதற்கு மேல் அபராதமும் உண்டு. கம்பெனி தானாகவே குறையைக் கண்டு அறிவித்தால் அபராதம் இல்லை. நம் மேசைக்கு வருபவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

எந்த வழி என்பதை நீங்களும் நானும் முடிவு செய்வதில்லை. ஆனால் கேட்கிறவரிடம் “அதெல்லாம் நடக்காது சார்” என்று சொல்லவும் நமக்கு உரிமை இல்லை. நடந்திருக்கிறது.

2018-இல் அமெரிக்காவில் சுபாரு தன் அசென்ட் என்ற பெரிய காரில் 293 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இந்தியானா மாநில ஆலையில் வெல்டிங் ரோபோவுக்குக் கொடுத்த நிரலில் பிழை நேர்ந்ததால், முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே நிற்கும் பி பில்லர் பகுதியில் சில ஸ்பாட் வெல்டுகள் விழாமல் போயின. ஒரு காரின் உடம்பில் ஸ்பாட் வெல்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும், விடுபட்டவை சில. பின்னால் பிரித்து வைத்துவிடலாமே என்றுதான் நமக்குத் தோன்றும். கம்பெனி அப்படி நினைக்கவில்லை. வெல்டு விடுபட்டது உறுதியானால் வண்டியை அழித்துவிடுவது, வாங்கியவருக்குப் புது வண்டி கொடுப்பது என்று முடிவெடுத்தது. இத்தனைக்கும் பெரும்பாலான வண்டிகள் வாடிக்கையாளர் கைக்குப் போகாமலே பிடிபட்டுவிட்டன. பக்கவாட்டில் இன்னொரு வண்டி வந்து மோதினால் உள்ளே இருப்பவரின் விலாவுக்கும் அந்த வண்டிக்கும் நடுவே நிற்பது இந்தத் தூண்தான். அதில் ஒட்டுவேலை வேண்டாம் என்று ஒரு கம்பெனியே சொன்னதை நான் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன்.

டொயோட்டாவின் டகோமா பிக்கப் கதை இதைவிட நீளம். அமெரிக்காவின் குளிர் மாநிலங்களில் பனி உருகச் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு நீர் ஏறி வண்டியின் சேசிஸ் சட்டம் உள்ளிருந்தே துருப்பிடித்து ஓட்டையானது. 1995 முதல் 2000 வரையிலான மாடல்களுக்கு 2008-இல் டொயோட்டா துருவுக்கான வாரண்டியை 15 ஆண்டாக நீட்டியது. சட்டம் செல்லரித்துப் போன வண்டிகளை அங்கே பழைய வண்டி விலைக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளும் கெல்லி புளூ புக் மதிப்பைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. பிந்தைய மாடல்களுக்கு வழக்கு நடந்து, 2016-இல் சமரசம் வந்தது. டகோமா, டண்ட்ரா, செக்கோயா மூன்றும் சேர்ந்து சுமார் 15 லட்சம் வண்டிகள். ஒரு சட்டம் மாற்ற 15,000 டாலர் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். மொத்த மதிப்பு 340 கோடி டாலர் வரை போகலாம் என்றார்கள். இதற்கு வாரண்டி நீட்டிப்பு, சமரசம் என்று என்ன பெயர் வைத்தாலும் பாடி ஷாப்பில் நிற்கிறவனுக்கு வேலை ஒன்றுதான். கேபின், பின்தொட்டி, எஞ்சின், அச்சு, பிரேக் குழாய் எல்லாம் பழைய சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்குக் குடிமாற வேண்டும். வீடு மாறுகிறபோது ஒரு டம்ளராவது உடையாமல் இருக்குமா? துருப்பிடித்த போல்ட்டில் பாதி முறியத்தான் செய்யும்.

2023-இல் ஹோண்டாவும் உப்புச் சாலை மாநிலங்களில் ஓடும் 2007 முதல் 2011 வரையிலான சி.ஆர்.-வி கார்கள் சுமார் 5.64 லட்சத்தைப் பின்சட்டத் துருவுக்காக அழைத்தது. பார்த்துவிட்டு, தாங்குகிற வண்டிக்கு முட்டுச்சட்டம் பொருத்துவது அல்லது பழுதுபார்ப்பது, தேறாத வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. ஒரே ரீகாலில் பக்கத்து வீட்டுக்காரர் இருவருக்கு இரண்டு விதத் தீர்வு! அங்கே கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேருக்கு விளக்கம் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஆகவே வேறு வண்டி கேட்பவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: “உங்க கோரிக்கையை எழுத்துல வாங்கிக் கம்பெனிக்கு அனுப்புறேன் சார். பதிலும் எழுத்துலயே வாங்கித் தர்றேன்.” சொன்னபடி அனுப்பவும் வேண்டும். கடன் பாக்கி இருக்கிற வண்டியா என்று அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் திரும்பும் நிலை வந்தால் வங்கிக்கும் அதில் பங்கு உண்டு. ஆயுள் வரியையும் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தையும் யார் தருவார் என்ற கேள்வியும் வரும். அதற்கு வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள்.

பிள்ளையாரும் பேரன் பெயரும்

வண்டியை உள்ளே எடுக்கும் நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவழித்தால் டெலிவரி நாளில் ஒரு நாள் மிச்சமாகும். சாதாரண ஜாப் கார்டில் கீறல், நெளிவு குறித்துக்கொள்வோம். இங்கே அது போதாது. வண்டியைச் சுற்றி நடந்து வீடியோ எடுங்கள், வண்டிக்காரர் கூடவே நடக்கட்டும். கதவு இடைவெளிகளை அளந்து எழுதுங்கள். ரோட்டில் ஒரு சுற்று ஓட்டி, ஏற்கெனவே எங்கே சத்தம் வருகிறது என்பதை அவர் காதுபடக் கேட்டுப் பதியுங்கள். வேலை முடிந்து போனபின் வருகிற ஒவ்வொரு ‘கடகட’வும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

பிறகு, அவர் வண்டியில் அவராகச் சேர்த்தவை. பெயிண்டைக் காக்கும் பி.பி.எஃப். படலம் ஒட்டியிருப்பார், செராமிக் கோட்டிங் போட்டிருப்பார், வெளிக்கடையில் கேமரா மாட்டியிருப்பார். பெயிண்ட் அடிக்கும் இடத்தில் இவை போய்விடும். ரீகால் கணக்கில் இவற்றுக்குப் பணம் வருமா என்பதை வண்டியைத் தொடுவதற்கு முன்பே கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள்.

தலைமையாசிரியர் வண்டியின் பின் கண்ணாடியில் ‘அகிலன்’ என்று மஞ்சள் எழுத்தில் ஒட்டியிருந்தது. பேரன் பெயர். டாஷ்போர்டில் விரலளவு பிள்ளையார். பின் கண்ணாடியைக் கழற்றிப் பூட்டும்போது எழுத்தில் ‘லன்’ உரிந்துவிட்டது. நாங்கள் கவனிக்கவில்லை, அவர் கவனித்தார். வெல்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத மனிதர் அந்த இரண்டு எழுத்துக்காக அரை மணி நேரம் பேசினார். ஸ்டிக்கர் கடையில் எழுதி ஒட்ட நூறு ரூபாய்கூட ஆகியிருக்காது. அதிலிருந்து, சாமி படம், பெயர், எலுமிச்சைக் கயிறு வரை போட்டோ எடுத்து, கழற்றக்கூடியதை அவர் கையாலேயே கழற்றச் சொல்லிக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

நாள் கணக்கு

“ஒரு வாரத்துல ரெடி ஆயிடும் சார்” என்ற வாக்கியம் எத்தனை அட்வைசர்களின் ரத்தக் கொதிப்பை ஏற்றியிருக்கிறது! உடம்பு வேலையில் நாள் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் உதிரிபாகம். தகடு வரும், அதோடு போக வேண்டிய கிளிப்பும் ரப்பரும் வராது. ஒருமுறை கழற்றினால் உடைகிற கிளிப்புகள் எவை என்று டிங்கரிடம் கேட்டு, அவற்றையும் சேர்த்து ஆர்டர் போட்டு, எல்லாம் ரேக்கில் வந்து சேர்ந்தபின் வண்டியை வரச் சொல்லுங்கள். ஓட்டக் கூடாது என்று கம்பெனி சொல்லியிருந்தால் மட்டும் இந்தக் காத்திருப்பு செல்லாது. அந்த வண்டியை டோ செய்தாவது உடனே உள்ளே எடுக்க வேண்டும்.

மாற்று வண்டி கேட்பார்கள், கேட்பதும் நியாயம்தான். கம்பெனி ஒப்புதல் இருந்தால் அவர் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் இல்லை என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அமெரிக்கச் சட்டத்தில், வண்டியை ஒப்படைத்த 60 நாளுக்குள் சரியாகப் பழுதுபார்க்காவிட்டால் அதுவே நியாயமான காலத்துக்குள் வேலை நடக்கவில்லை என்பதற்கு முதற்சான்று. நம் ஊரில் வண்டிக்காரரின் கெடு வேறு மாதிரி வரும்: “வைகாசியில் பொண்ணு கல்யாணம் தம்பி.” அந்தத் தேதியை ஜாப் கார்டில் சிவப்பு மையில் எழுதுங்கள். அஷ்டமி, நவமியில் டெலிவரி எடுக்க மாட்டார். அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தகட்டுக்குள் என்ன நடக்கிறது

அட்வைசருக்கு வெல்டு வைக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ‘என்ன பண்றீங்க?’ என்ற கேள்விக்குப் பாடி ஷாப் மேனேஜரைத் தேடி ஓடக் கூடாது. இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தொழிற்சாலையில் ரோபோ வைக்கும் ஸ்பாட் வெல்டு எல்லா இடத்திலும் ஒர்க்ஷாப்பில் எட்டாது. எட்டாத இடத்தில் தகட்டில் துளையிட்டு அதை நிரப்பும் பிளக் வெல்டு வைப்பார்கள். எத்தனை, எங்கே, எவ்வளவு இடைவெளியில் என்று கம்பெனியின் ரிப்பேர் மேனுவல் சொல்லும். அதில் ஒன்றுகூட டிங்கரின் அனுபவத்துக்கு விடப்பட்டதில்லை. முப்பது வருட அனுபவஸ்தர்தான் இங்கே சில நேரம் ஆபத்து. மென்மையான தகட்டுக் காலத்தில் பழகிய கை, நெருப்பு வைத்து நிமிர்த்தப் பார்க்கும். இன்றைய பில்லர்களில் இருக்கும் உயர்வலு எஃகு சூடுபட்டால் வலுவிழந்துவிடும். பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

நல்ல டிங்கர் வண்டியில் வெல்டு வைக்கும் முன் அதே கனமுள்ள துண்டுத் தகடு இரண்டில் வைத்துப் பார்த்து, உளியால் பிளந்து பிரிப்பார். வெல்டு சரியாக விழுந்திருந்தால் ஒரு தகட்டில் ஓட்டை விழுந்து, மற்றதில் பொத்தான் போல ஒரு குமிழ் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டெலிவரி அன்று வண்டிக்காரர் உள்ளங்கையில் அதை வைத்து, “இந்த மாதிரிதான் சார் உள்ள புடிச்சிருக்கு, தகடு கிழிஞ்சாலும் வெல்டு விடாது” என்று சொல்லிப் பாருங்கள். எந்தப் பிரசுரமும் தராத நம்பிக்கையை அந்த இரும்புத் துண்டு தரும்.

வெல்டு வைத்த இடத்தில் தொழிற்சாலையில் முக்கியெடுத்த அடிப்பூச்சு எரிந்துபோயிருக்கும். பிரைமர், சீலர், உட்குழிகளுக்கு மெழுகு என்று வரிசையாகப் போக வேண்டும். இதில் ஒன்று விட்டாலும் மழைக்காலம் இரண்டு போனபின் துரு எட்டிப் பார்க்கும். ராமேஸ்வரம், தூத்துக்குடி, ஈ.சி.ஆர். பக்கம் வண்டி நிற்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உப்புக் காற்றை அவர்கள் அறிவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூடுவதற்கு முன் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். மூடியபின் யார் சொன்னாலும் யாரும் நம்ப வேண்டியதில்லை.

வண்டியின் உடம்பை அளக்கும் பெஞ்சில் ஏற்றி, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத் தாள்களை ஃபைலில் சேருங்கள். பெயிண்ட் ஷேடு விஷயத்தில் மட்டும் வீறாப்பு வேண்டாம். வெயிலில் நான்கு வருடம் நின்ற சிவப்பும் டப்பாவிலிருந்து வந்த சிவப்பும் ஒன்றாகாது. பக்கத்துப் பேனல் வரை கலந்து அடித்தால்தான் கண்ணுக்குப் பிடிபடாது. அந்தக் கூடுதல் பேனலுக்குக் கம்பெனி மணிக்கணக்கு தருமா என்று மேனேஜர் முகம் சுளிப்பார். ஒப்புதல் கேட்டுப் போராடுங்கள். டெலிவரி அன்றைக்கு வெயிலில் வண்டிக்காரர் பக்கத்தில் நிற்கப்போவது நீங்கள்தான், மேனேஜர் இல்லை.

காகிதம்

வேலை முடிந்த வண்டி விற்பனைக்குப் போகும் நாளில், பெயிண்டின் கனத்தை அளக்கும் கருவியைப் பழைய வண்டிக் கடைக்காரர் பேனல் மேல் வைப்பார். எண் கூடுதலாகக் காட்டும். “ஆக்ஸிடென்ட் வண்டியா சார்?” என்று விலையைக் குறைப்பார். இந்த நஷ்டத்தை நினைத்து வண்டிக்காரர் இப்போதே கவலைப்படுகிறார், நியாயமாகத்தான். விலை குறையாது என்று நீங்கள் உத்தரவாதம் தர முடியாது; தரவும் கூடாது. உங்களால் முடிந்தது காகிதம். ரீகால் எண், சேசிஸ் எண், செய்த வேலை, மாற்றிய பாகங்கள், வெல்டுப் படங்கள், அளவுத் தாள், ‘இது விபத்துப் பழுது இல்லை, உற்பத்தியாளர் ரீகால்’ என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். ஃபைலாகக் கொடுங்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள்.

இந்த வேலையை எந்தக் காரணம் கொண்டும் இன்ஷூரன்ஸ் கிளைமாகப் போடச் சொல்லாதீர்கள். உதிரிபாகம் சீக்கிரம் வரும் என்று யாராவது குறுக்குவழி காட்டுவார்கள். அவர் நோ கிளைம் போனஸை இழப்பார், வண்டிக்கு ‘விபத்து’ என்ற முத்திரை நிரந்தரமாக விழும். சேசிஸ் எண் பொறித்த பகுதியே மாறுகிறது என்றால் ஆர்.டி.ஓ. வேலையும் உண்டு. அதை முடிக்காமல் வண்டியை வெளியே விட்டால் ஆர்.சி.யில் ஓர் எண், வண்டியில் ஓர் எண் என்று முதல் சோதனைச் சாவடியிலேயே அவர் நிற்க வேண்டியிருக்கும்.

தலைமையாசிரியர் வண்டிக்கு அடுத்த வருடம் சர்வீஸ் வந்தபோது பின் கண்ணாடியில் ‘அகிலன்’ முழுசாக இருந்தது. அவரே எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார், எங்களிடம் சொல்லவில்லை. அதற்கடுத்த சர்வீஸுக்கு அவர் வரவில்லை.

இப்போது உங்கள் ஷெட்டில் ரீகால் வண்டி ஏதாவது திறந்தபடி நிற்கிறதா? அதன் உரிமையாளருக்குக் கடைசியாக எப்போது போன் செய்தீர்கள் என்று பாருங்கள். மூன்று நாள் தாண்டியிருந்தால், சொல்லப் புதுச் செய்தி எதுவும் இல்லாவிட்டாலும், இன்று மாலை ஆறு மணிக்குள் கூப்பிட்டுவிடுங்கள்.